தேய்க்காதீர்கள், முதலில் நிறுங்கள்: மலையகத்தில் காசு சேர்க்கத் தொடங்குபவருக்கு

புதிதாகக் காசு சேர்க்கக் கிளம்புகிறவர் முதல் வாரத்தில் செய்வது, கைக்கு வந்த செம்புச் சல்லியை எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பது. அடுத்த வாரம், ஓரம் நசுங்கிய ஐந்து ரூபாவைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, "இது எரர் காசுதானே, என்ன விலை போகும்?" என்று கேட்பது. முதலாவது காசைக் கெடுக்கும், இரண்டாவது பெயரைக் கெடுக்கும். இரண்டுக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு தோட்டத்து வீட்டிலோ இருந்துகொண்டே, கையிலுள்ள காசு எந்த வகை, அதில் தெரியும் கோளாறு நாணயச்சாலையில் நடந்ததா வெளியே நடந்ததா என்று பிரித்தறியும் ஒழுங்கு இது.

1. வாங்க வேண்டியவை, வாங்கும் வரிசை

முதலில் தராசு. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். நகைத் தராசு என்று கேட்டால் கொடுப்பார்கள். 0.1 கிராம் காட்டும் சமையல் தராசு இந்த வேலைக்கு உதவாது. பத்துச் சதம் போன்ற சிறு வெள்ளிக் காசின் எடையே 1.17 கிராம்தான். வாங்கும்போதே எடைக்கல் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது 10 மடங்கு லென்ஸ். "60 மடங்கு" என்று எழுதி விற்கும் மலிவு லென்ஸை வாங்காதீர்கள். அதில் எல்லாக் கீறலும் அச்சு (காசில் உருவத்தைப் பதிக்கும் உலோகக் கட்டை) வெடித்த தடம் மாதிரியே தெரியும். பிறகு வேர்னியர் (விட்டமும் கனமும் அளக்கும் கருவி), ஒரு சிறு காந்தம், கழுத்து வளையும் மேசை விளக்கு. இவ்வளவும் கைக்கு வரும்வரை ஒரு காசுக்கும் முகமதிப்புக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

நம் பக்கத்துக் குளிரில் தராசு பொய் சொல்லும். விடியற்காலையில் அலுமாரியிலிருந்து எடுத்த கையோடு நிறுத்தால் எண் நிலைக்காமல் நகரும். எடுத்து வைத்து இருபது நிமிடம் விட்டு, கதவைச் சாத்தி, எடைக்கல்லைப் போட்டுச் சரிபார்த்த பிறகு நிறுங்கள். மின்கலம் இறங்கினாலும் இதே கோளாறுதான்.

2. எங்கே, எப்போது தேடுவது

சதக் காசுகள் இன்று கடையில் புழங்குவதில்லை. அவை வீட்டில்தான் இருக்கின்றன: டிரங்குப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக் காசாக. ரூபாக் காசுகளுக்குத் தேத்தண்ணிக் கடை, பஸ் நடத்துனர், கோயில் உண்டியல் என்று மூன்று வாசல் உண்டு. தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அதற்கு முந்திய நாட்களில் வீட்டு உண்டியல்கள் உடைந்து சில்லறை கடைக்கு வரும். சம்பளத்துக்கு மறுநாள் போனால் தாள்தான் இருக்கும், கடைக்காரரும் சில்லறை தரமாட்டார். தாளைக் கொடுத்து அவருக்குத் தேவையில்லாத சில்லறையை மொத்தமாக வாங்கி, பார்த்து முடித்ததை அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பது இருவருக்கும் வசதி.

கோயில் உண்டியல் எண்ணும் நாளில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, எல்லார் முன்னிலையிலும் காசுக்குக் காசு மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக நின்று பொறுக்கினால் பேச்சு வரும்.

பழைய இரும்பு வாங்குபவரும் அடகுக் கடைக்காரரும் நல்ல மூலங்கள். ஆனால் இவர்களிடம் வாங்கும்போதுதான் தாள் வேலை அவசியம். அது ஏழாம் பகுதியில் வருகிறது.

3. கைக்கு வந்ததும் செய்ய வேண்டியதும் கூடாததும்

புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை, பித்தளை மினுக்கும் திரவம், எதுவும் வேண்டாம். அமிலம் செம்பின் மேல்தோலைக் கரைத்து ரோஸ் நிறமாக்கும். பற்பசை நுண்கீறல் போடும். தேய்த்த காசை லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். வாங்குபவர் முதலில் தேடுவதும் அதைத்தான். தானாகக் கறுத்த செம்பு அப்படியே இருக்கட்டும்.

மண்ணோ பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள். பெற்றோல் நிலையங்களில் பட்டறிக்கு விற்கும் நீர் அதுதான். பட்டறி அமிலத்தை மாற்றி வாங்கிவிடாதீர்கள். தினமும் நீரை மாற்றி ஒரு வாரம் விடலாம். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வெயில் படாத இடத்தில் முழுதாக உலரவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் நாடாப் பசைக்கும் கலப்பில்லாத அசிற்றோன். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். அசிற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் அறையில் மூடியைத் திறக்கவே கூடாது.

நேர்த்திக் காசில் மஞ்சளும் குங்குமமும் ஏறியிருக்கும். மஞ்சள் கறையில் ஓரளவு அசிற்றோனில் இறங்கும். இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். கறை உள்ள காசுக்குக் கிடைக்கும் விலை தேய்த்த காசுக்குக் கிடைக்காது.

4. வகை பிரித்தல்: காந்தம், விளிம்பு, எடை

வகை வேறுபாடு வேறு, அச்சுப் பிழை வேறு. வகை என்பது நாணயச்சாலை தெரிந்தே மாற்றியது: உலோகம், கனம், விளிம்பு, எழுத்து. பிழை என்பது தெரியாமல் நடந்தது. ஒவ்வொரு காசையும் முதலில் வகைப்படி ஒதுக்கிய பிறகுதான் பிழை தேட வேண்டும். இல்லாவிட்டால், கனமான வகையையும் மெல்லிய வகையையும் பக்கத்தில் வைத்து ஒன்றைப் பிழை என்று சொல்லிவிடுவீர்கள்.

காந்தத்திலிருந்து தொடங்குங்கள். 1963இல் வந்த அரசச் சின்னக் காசுகளில் 1, 2 சதம் அலுமினியம், 5, 10 சதம் நிக்கல்–பித்தளை, 25, 50 சதமும் 1 ரூபாவும் செம்பு–நிக்கல். ஒன்றும் காந்தத்தில் ஒட்டாது. 1978இல் 5, 10 சதமும் அலுமினியமாயின. 2005இல் வந்த தொகுதி முழுக்க முலாம் பூசிய எஃகு, எல்லாம் ஒட்டும். இடையில், 1990களின் பிற்பாதியிலிருந்து, வெள்ளை நிறக் காசுகள் செம்பு–நிக்கலிலிருந்து எஃகுக்கு மாறின. வெளித் தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரே முகமதிப்புக் காசுகளை வருட வரிசையில் அடுக்கிக் காந்தத்தை ஓட்டினால் மாறிய இடம் தானே தெரியும். உங்கள் குவியலில் அந்த ஒழுங்கை மீறி ஒரு காசு நின்றால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

1984இல் வந்த பழைய 5 ரூபா 9.5 கிராமை ஒட்டி இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. 2005க்குப் பின் வந்தது இலேசானது, ஒட்டும். 5 ரூபாவின் விளிம்பையும் லென்ஸில் பாருங்கள். அதில் எழுத்து பொறித்திருக்கும். எழுத்து மேல்நோக்கி நிற்பதும் தலைகீழாக நிற்பதும் பிழையல்ல. 1970, 80களின் 25, 50 சதம், 1 ரூபாக் காசுகளிலும் விளிம்பு முக்கியம். வரிக்கோடு விளிம்பின் முழு அகலத்துக்கும் ஓடுகிறதா, நடுவிலுள்ள பள்ளத்துக்குள் மட்டும் ஓடுகிறதா என்று பிரித்து வையுங்கள். இரண்டும் வேறு வேறு வகை.

பிரித்தானியர் காலத்துக் காசில் தராசுதான் ஆசான். 1942 என்று போட்ட ஜோர்ஜ் மன்னர் ஒரு சதம் இரண்டு கனத்தில் உண்டு: கனமானது 4.7 கிராம், மெல்லியது அதில் பாதி. போர்க்கால உலோகத் தட்டுப்பாடுதான் காரணம். சதுர 5 சதத்தில் 1942, 1943 காசுகள் 3.9 கிராமை ஒட்டியவை. 1944, 1945 காசுகள் 3.2 கிராமை ஒட்டியவை. தேய்மானத்தால் இரண்டு மூன்று வீதம் குறையலாம், பாதியாகக் குறையாது. எலிசபெத் அரசியின் தலை புழக்கத்துக்கு வந்த இலங்கைக் காசுகளில் 2 சதத்தில் மட்டுந்தான் உண்டு. 1955, 1957 என்று இரண்டே வருடம். நெளி ஓரம் கொண்ட அந்தச் சிறு காசைப் பலர் ஜோர்ஜ் காசோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். 1951 காசுகளில் மன்னரின் பட்டத்தில் இந்தியப் பேரரசர் என்ற சொற்கள் இல்லை. இந்தியா விடுதலை பெற்ற பிறகு அடித்தவை அவை.

வெள்ளிக் காசில் 10, 25, 50 சதங்களின் எடை முறையே 1.17, 2.92, 5.83 கிராம். 1917 வரை ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி. 1919இலிருந்து 550 பங்கு. போர்க்காலத்தில் அடித்த 1941 பத்துச் சதத்திலும் 1942 ஐம்பது சதத்திலும் மறுபடி 800. 1943இன் 25, 50 சதம் நிக்கல்–பித்தளை, அவற்றில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. மஞ்சள் நிறத்தைக் கண்டு "தங்கம் கலந்தது" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டத்து வீடுகளில் இந்திய வெள்ளி ரூபாவும் நிறையக் கிடைக்கும். 1939 வரையான காசில் 11.66 கிராம் எடை, 917 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை 500 பங்கு. 1947 ரூபா தனி நிக்கல், காந்தத்தில் ஒட்டும். காசு மாலையில் கோத்தவற்றில் ஓரத்தில் ஈயப்பற்று இருக்கும். சுரண்டி எடுத்தாலும் தடம் போகாது. அப்படிப்பட்டதை வெள்ளி விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

போலி வெள்ளி ரூபாவைப் பிடிக்க வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று. தராசில் ஒரு சிறு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 11.66 கிராம் நல்ல ரூபாவுக்குத் தராசு 1.13 காட்டும், அடர்த்தி 10.3. வெள்ளைப் பித்தளைப் போலி 1.35ஐ ஒட்டிக் காட்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி பிடிக்காது. பத்துச் சதம் போன்ற சிறு காசுக்கு இந்தச் சோதனை சரிவராது, 0.01 கிராம் பிசகே அங்கு பெரிது.

அண்மைக் காலக் காசில் ஒரு நல்ல தொடக்கம், 2013 என்று போட்ட 10 ரூபா மாவட்டத் தொகுதி. மொத்தம் 25 காசுகள், மாவட்டத்துக்கு ஒன்று. நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை நாலையும் முதலில் சேர்த்துவிட்டு மற்றவற்றைப் பரிமாறிக்கொள்ளலாம்.

5. பிழை தேடல்

எந்தக் கோளாறைக் கண்டாலும் ஒரு கேள்வி: இது வில்லையில் வந்ததா, அச்சில் வந்ததா, அடிக்கும்போது வந்ததா? மூன்றிலும் இடம் கிடைக்காவிட்டால் அது வெளியே பட்ட காயம். நீங்கள் பார்க்கும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் காயமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். இலங்கைக் காசுகள் வெளிநாட்டு நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டு, சலித்து எண்ணிய பிறகே கப்பலேறுகின்றன. பெரிய பிழைகள் அங்கேயே கழிந்துவிடும்.

வில்லை என்பது அச்சு படாத வெறும் உலோக வட்டம். தகட்டிலிருந்து வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்கினால் பிறைபோல ஒரு கடி விழும். தட்டிய மாவில் டம்ளர் வாயால் வட்டம் போடும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுவது மாதிரித்தான். உண்மையான கடிக்கு இரண்டு அடையாளம்: எடை குறையும், கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கரை (முகத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் வரம்பு) மழுங்கியிருக்கும். வில்லைக்குக் கரை எழுப்பும் இயந்திரத்தில் கடிப்பக்கம் அழுத்தம் கிடைக்காதபோது எதிர்ப்பக்கமும் எழும்பாது, காரணம் அதுதான். அரத்தால் அராவிய காசில் எதிர்ப்பக்கக் கரை முழுசாக நிற்கும், வெட்டிய முகத்தில் அரத்தின் வரி தெரியும்.

முலாமில்லாத எஃகு வில்லையில் அடித்த காசு வரலாம். ஆனால் நம் ஈரக் காற்றில் முலாம் உரிந்து, துருப்பிடித்து, கறுத்த 5 ரூபாக்கள்தான் அதிகம். விளிம்பு, முகம், பின்புறம் மூன்றும் ஒரே நிறம், எழுத்து கூர்மையாக, மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் யோசிக்கலாம். சொரசொரப்பும் குழியும் இருந்தால் துரு அல்லது அமிலம். தோட்டத்தில் உரம் போடுகிறவர்களின் சட்டைப் பையில் கிடந்த காசும் இப்படித்தான் ஆகும்; அமோனியம் கலந்த உரம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும்.

வேறு காசுக்கான வில்லையில் அடித்ததென்று சந்தேகம் வந்தால், எடை அந்த வேறு காசின் எடைக்குப் பொருந்த வேண்டும். எதற்கும் பொருந்தாத எடை என்றால் அரைத்ததோ அமிலத்தில் போட்டதோதான்.

அச்சில் வந்த கோளாறுக்கு ஒரே விதி: அச்சு வெடித்தால் காசில் கோடு மேடாக வரும். பள்ளமாக இருக்கும் கோடு கீறல். விளக்கைச் சாய்த்து, காசை அரை வட்டம் திருப்பி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பக்கத்திலுள்ள எழுத்தின் நிழலும் கோட்டின் நிழலும் ஒரே பக்கம் விழுந்தால் மேடு. அச்சின் ஓரத்துண்டு உடைந்து விழுந்திருந்தால் காசின் கரையில் உருவமில்லாத ஒரு மேட்டுத்திட்டு இருக்கும். அதற்கு நேர் பின்புறத்தில் வடிவம் மங்கியிருக்க வேண்டும், உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டதால். மங்காத திட்டு பெரும்பாலும் பின்னால் வைத்த ஈயப்பற்று.

எழுத்து ஒன்று காணாமலிருந்தால் அச்சுக் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். பொதுவானது, சிறு மதிப்புத்தான். காணாத எழுத்தின் இடத்தில் மினுமினுப்பு வேறுபட்டால் யாரோ சுரண்டியது.

இரட்டை எழுத்து, புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். அச்சே இரட்டையாகச் செதுங்கியிருந்தால் இரண்டு உருவமும் உருண்டு, ஒரே மாதிரி உயர்ந்து நிற்கும், எழுத்தின் முனை பிளந்து தெரியும். அடித்த கணத்தில் அச்சு ஆடினால் எழுத்தின் பக்கத்தில் தட்டையான படி ஒன்று உண்டாகும். எழுத்து அந்தளவு மெலிந்தும் போகும். இரண்டாவது சாதாரணம், அதற்கு விலை கிடையாது. முலாம் பூசிய காசில் எழுத்தையொட்டிக் கருங்கோடு ஓடினால் அது முலாம் கிழிந்த இடம், இரட்டை அல்ல.

அச்சுத் திருப்பம் வீட்டிலேயே பிடிபடும். காசை மேலும் கீழுமாக இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் புரட்டுங்கள். உங்கள் குவியலில் பெரும்பான்மை எப்படி நிற்கிறதோ அதுவே அந்தக் காசின் ஒழுங்கு. அதிலிருந்து விலகியதைத்தான் கணக்கிட வேண்டும். 15 பாகைக்குக் குறைந்த விலகலைப் பொருட்படுத்தாதீர்கள். 90க்கு மேல் போனால் சேகரிப்பவர் கேட்பார். 2009 என்று போட்டு வந்த 10 ரூபாவுக்கு 11 பக்கம் இருப்பதால் பாகைமானியே தேவையில்லை. ஒரு பக்கம் நகர்ந்தால் ஏறக்குறைய 33 பாகை.

அடிக்கும்போது வில்லை நகர்ந்திருந்தால் வடிவம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாகப் பிறை தெரியும். ஐந்து வீதம் நகர்ந்தது சும்மா. பாதி நகர்ந்து வருடமும் தெரிந்தால் நல்ல பொருள். அடிக்கும்போது வில்லையைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் இல்லாமல் அடித்த காசு அகன்று, விளிம்பில் வரியே இல்லாமல் இருக்கும், எடை மாறாது. இதையொட்டி ஒரு எச்சரிக்கை: பதுளைப் பாதையில் ரயிலுக்கு அடியில் வைத்து நசுக்கிய காசு ஏராளம். அதுவும் அகன்றிருக்கும், எடையும் மாறாது. ஆனால் தண்டவாளத்தில் நசுங்கியதில் எழுத்து பரந்து கொழுத்து மங்கும், காசு நீள்வட்டமாகும், சற்று வளையும். வளையமில்லாமல் அடித்ததில் நடு எழுத்து கூர்மையாக இருக்கும்.

ஒரு பக்கத்தில் தலைகீழ் உருவம் பள்ளமாகப் பதிந்திருந்தால் மறுபக்கத்தைப் பாருங்கள். முந்திய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் பதிந்தது என்றால் மறுபக்கம் சுத்தமாக, முழு ஆழத்தில் இருக்கும். இரண்டு காசை இடுக்கியில் வைத்து நெரித்தால் இரு பக்கமும் நசுங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே முகம் உள்ள காசு கிடைத்தால் சந்தோஷப்படுமுன் கரையின் உட்பக்கத்தை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். ஒட்டிய கோடு இருக்கும். மேசையில் போட்டால் மந்தமாக ஒலிக்கும்.

6. வைத்திருத்தல்

மலையகத்தில் காசுக்கு எதிரி ஈரமும் அடுப்புப் புகையும். சமையலறைப் பரணில் வைத்த வெள்ளி சில மாதத்தில் நீலமும் கறுப்புமாகும். ரப்பர் வளையம், செய்தித்தாள், மலிவான மெத்துப் பிளாஸ்டிக் உறை மூன்றையும் விலக்குங்கள். ரப்பரில் கந்தகம், மெத்துப் பிளாஸ்டிக் சில வருடத்தில் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். ஜன்னல் வைத்த சதுர அட்டை உறை, ஸ்டேப்ளரின் ஊசி முனையைக் குறட்டால் தட்டையாக்கி, காற்றுப் புகாத பெட்டியில் நிறுத்தி வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் பழையதாயிருந்தால் பயனில்லை. நிறம் மாறும் சிலிக்கா மணிகளை வாங்கினால் நிறம் மாறும்போது தட்டில் மெல்ல வறுத்து மறுபடி போடலாம்.

பெட்டியைத் திறந்து பார்க்க நல்ல காலம் ஊருக்கு ஊர் வேறு. ஹட்டன், மஸ்கெலியா, நாவலப்பிட்டிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மூடியே இருக்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வேலை பாருங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை திறக்காதீர்கள்.

7. விலை, தாள்கள், சட்டம்

வெள்ளிக் காசுக்கு அடிவிலையை நீங்களே போடலாம். தூய வெள்ளி அளவை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள்: 50 சதம் 800 பங்கானால் 4.67 கிராம், 550 பங்கானால் 3.21, இந்திய ரூபா 917 பங்கானால் 10.69, 1957 புத்த ஜயந்தி 5 ரூபா 26.16 கிராம். விற்பவர் இதைவிடக் குறைவாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பலமடங்கு கேட்டால் காரணம் கேளுங்கள். "நூறு வருஷப் பழசு" என்பது காரணமல்ல. பழைய காசுகளில் பெரும்பாலானவை இலட்சக்கணக்கில் அடித்தவை.

தெரியாதவரிடம் வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு எழுதுங்கள்: திகதி, காசுகளின் பட்டியல், எடை, கொடுத்த தொகை, விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். இரு பிரதி. திருட்டுப் பொருள் என்று பின்னால் பொலிஸ் வந்தால் அந்தத் துண்டு ஒன்றுதான் பேசும். தரமறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய காசுகள் அதன்படி தொல்பொருள். கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன அதே நாள் அது. டச்சுக்காரர் காலத்துச் சல்லியும், சோழர் காலத்துச் செப்புக்காசும், 1803 போன்ற வருடம் போட்ட யானைக் காசும் இதற்குள் வரும்; 1821 வெள்ளி ரிக்ஸ் டொலர் வராது. தேயிலை மலையில் கான் (வடிகால்) தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் அது அரசுக்கு உரியது, அறிவிக்க வேண்டும். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு தோண்டப் போவதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. இந்தக் காசுகளை நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் தொல்பொருள் திணைக்கள அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகும் உறவினர் கையில் "இரண்டு பழைய காசுதானே" என்று கொடுத்தனுப்பாதீர்கள். விமான நிலையத்தில் மாட்டுவது அவர்.

8. விற்பதும் அனுப்புவதும்

"உங்கள் பழைய 5 ரூபாவை ஐந்து இலட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வரும் விளம்பரம் முழு மோசடி. காசு வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். வங்கி அட்டை எண்ணையோ போனுக்கு வந்த இரகசிய எண்ணையோ கேட்டால் உடனே தொடர்பை அறுத்துவிடுங்கள்.

பிழைக் காசை விற்கும்போது நாலு படமாவது வேண்டும்: இரு முகம், விளிம்பு, தராசின் மேல் எண் தெரியும்படி ஒன்று. பக்கத்தில் அதே வகைச் சாதாரணக் காசையும் வைத்துப் படமெடுங்கள். கேட்கும் விலையைவிட இந்தப் படங்களே வாங்குபவரை வரவழைக்கும். வெளிநாட்டுத் தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பி உறையிடுவதற்குக் கட்டணம், இருவழித் தபால், காப்புறுதி என்று மூன்று செலவு. மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். புழக்கத்துக் காசுக்கு அது கட்டுப்படியாகாது.

தபாலில் போடும்போது காசை இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் அசையாமல் ஒட்டுங்கள். நாடா காசில் படக்கூடாது. உருளும் காசு உறையைக் கிழித்துக்கொண்டு விழும். மழை மாதமானால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. வெளியே "பழைய காசு" என்று எழுதாதீர்கள். ஆனால் கவுன்டரில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லி, எந்தச் சேவையில் ஏற்பார்கள் என்று கேட்டுப் போடுங்கள். சாதாரணக் கடிதமாகப் போடவே கூடாது. பதிவுத் துண்டைப் படமெடுத்து அன்றே வாங்குபவருக்கு அனுப்பிவிட்டு, துண்டைக் காசுப் பதிவேட்டில் அந்தக் காசுக்குரிய பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.